அம்மாவின் நடைக்கு ஒரு வீடு

எங்களில் பலருக்கு வீடு தேடும் காலம் இருபதுகளின் கடைசியிலோ முப்பதுகளின் தொடக்கத்திலோ வந்து சேரும். படிப்பு முடிந்து வேலையும் ஒருவாறு நிலைத்திருக்கும். இணையத்தில் உட்கார்ந்து வாடகை எவ்வளவு, எத்தனை சதுர மீற்றர், எத்தனை அறை, வேலைக்குப் போக எவ்வளவு நேரம் என்று நான்கு பெட்டிகளை நிரப்பினால் ஒரு பட்டியல் வந்துவிடும். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி அந்தப் படிவத்தில் இருப்பதில்லை. இந்த வீட்டில் இருக்கப்போகிறவர்களில் கார் ஓட்டாதவர் யார்? அவர் யாரையும் கேட்காமல் எங்கெல்லாம் போய்வரலாம்?

ஜேர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரைபுர்க் நகரத்தில் நான் வீடு தேடியபோது அதுதான் முதல் கேள்வியாக இருந்தது. காரணம் என் அம்மா.

கேட்டுக் கேட்டுப் போன காலம்

அம்மா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போனவர். கோயில், சந்தை, சிநேகிதி வீடு எல்லாம் சைக்கிள் தூரம்தான். எண்பதுகளின் கடைசியில் ஜேர்மனிக்கு வந்தார். அந்த நாட்களில் அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போவதற்கு அதிகாரிகளிடம் அனுமதி எடுக்க வேண்டும். பக்கத்து நகரத்தில் இருக்கும் சொந்தத் தமையனைப் பார்க்கவும் கடுதாசி வேண்டும்.

பிறகு விசா கிடைத்தது, அந்தக் கட்டுப்பாடு போனது. ஆனால் எங்களுக்கு வீடு கிடைத்தது வடக்கே ஒரு சிறிய ஊரின் விளிம்பில். பேருந்து மணிக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. சுப்பர்மார்க்கெட் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. அப்பா லைசன்ஸ் எடுத்தார். அம்மா எடுக்கவில்லை. இரண்டு வேலை, மூன்று பிள்ளைகள், அதற்கு மேல் லைசன்ஸ் படிப்புக்குக் காசு எங்கே? அதனால் மரக்கறி வாங்க, டொக்டரிடம் போக, கோயிலுக்குப் போக, எல்லாவற்றுக்கும் அம்மா அப்பாவைக் கேட்டார். எனக்குப் பதினெட்டு வயதானதும் என்னைக் கேட்டார். "பிள்ளை, இண்டைக்கு உனக்கு நேரமிருக்கோ?" என்று தொடங்கும் அந்தக் கேள்வியை உங்களில் பலரும் உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் சமூகம் இங்கே கட்டிய இடங்களையும் பாருங்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயம் 2002 இல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோயில்களில் ஒன்று, தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும். அது நிற்பது ஒரு தொழிற்பேட்டைப் பகுதியில். நில விலை, வாகனத் தரிப்பிடம், அயலவர் முறைப்பாடு என்று பார்த்தால் வெளிநாட்டில் எங்கள் கோயில்களும் மண்டபங்களும் இப்படி ஊருக்கு வெளியேதான் போய் நிற்கின்றன. பண்பாட்டைத் தொட வேண்டுமென்றாலும் கார் வேண்டும்.

அப்பா காலமான பிறகு கார் வீட்டுக்கு முன்னால் நின்றது, ஓட்ட ஆள் இருக்கவில்லை. நான் வேலை காரணமாகத் தெற்கே போகிறேன், நீங்களும் வாங்கோ என்று கூப்பிட்டேன். அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"வாறன். ஆனால் நீ எப்ப வேலை முடிஞ்சு வருவாய் எண்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது."

ஏன் இந்த நகரம்

ஃப்ரைபுர்க்கில் ஏறத்தாழ இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். கொழும்போடும் பெர்லினோடும் பார்த்தால் சின்ன ஊர். ஆனால் 1457 இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நூறு வருடம் தாண்டிய நாடகசாலை, இசைக் கல்லூரி, உலகம் அறிந்த பரோக் இசைக்குழு, 116 மீற்றர் கோபுரத்தோடு மூன்ஸ்டர் தேவாலயம் என்று பெரிய நகரத்துக்குரிய பலவும் இங்கே உண்டு. நடுநகரத்தில் இருந்து அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடந்தே போகலாம்.

பழைய ஊர் என்பதால் இயற்கையாகவே அப்படி அமைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1944 நவம்பர் 27 அன்று குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. மூன்ஸ்டர் தப்பி நின்றது. போருக்குப் பிறகு பல ஜேர்மன் நகரங்கள் இடிபாடுகளை அகற்றிவிட்டு அகலமான கார்ச் சாலைகள் போட்டன. ஃப்ரைபுர்க் பழைய தெருக்களின் வரைபடத்தை வைத்தே திரும்பக் கட்டியது. மேற்கு பெர்லினும் ஹம்பூர்க்கும் ட்ராம் பாதைகளை மூடிய காலத்தில் இந்த நகரம் தன் ட்ராமை வைத்துக்கொண்டு, பிறகு மேற்குப் பக்கம் நீட்டியது. 1973 இல் பழைய நகரத்தின் நடுப்பகுதியில் கார்களை நிறுத்தியது. 1984 இல் மலிவான மாதாந்தப் பயணச்சீட்டைக் கொண்டுவந்தது.

இவற்றைவிட என்னைக் கவர்ந்தது கடைகள் பற்றிய விதி. பெரிய உணவுக் கடைகள் ஊருக்கு வெளியே வயல்வெளியில் வந்து குந்துவதைத் தொண்ணூறுகளில் இருந்து நகரசபை கட்டுப்படுத்துகிறது. வெளியே மலிவான பெரிய கடை வந்தால் குடியிருப்புக்குள் இருக்கும் சின்னக் கடை படுத்துவிடும், பிறகு நடக்கத் தெருவிருந்தும் நடந்து போக ஒரு காரணம் இராது. நடைபாதை போடுவது பாதி வேலைதான். அதன் மறுமுனையில் பாணும் பாலும் கிடைக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

நான் பொறியியல் படித்தவள், அதனால் கணக்கில்லாமல் எனக்குத் திருப்தி வராது. "பதினைந்து நிமிட நகரம்" என்று இப்போது எல்லோரும் கதைக்கிறார்கள். வீட்டு விளம்பரங்களிலும் கடைக்கு எத்தனை நிமிடம், பாடசாலைக்கு எத்தனை நிமிடம் என்று போடுகிறார்கள். அந்த நிமிடங்கள் யாருடைய நிமிடங்கள்? வரைபடச் செயலிகள் பெரும்பாலும் மணிக்கு 5 கிலோமீற்றர் அளவில் நடப்பவரை வைத்துக் கணிக்கின்றன. அந்த வேகத்தில் 15 நிமிடத்தில் 1250 மீற்றர் போகலாம்.

அம்மாவுக்கு முழங்கால் நோ. கைத்தொலைபேசியில் அளந்து பார்த்தேன். செக்கனுக்கு 0.8 மீற்றர். 15 நிமிடத்தில் 720 மீற்றர். அரைவாசிக்குக் கொஞ்சம் கூட, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நாங்கள் ஒரே நேர்கோட்டில் வாழ்வதில்லை. வீட்டைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் வாழ்கிறோம். வட்டத்தின் பரப்பு ஆரையின் வர்க்கத்தோடு மாறும். 720 ஐ 1250 ஆல் பிரித்து வர்க்கப்படுத்திப் பாருங்கள், 0.33 வரும். அதே பதினைந்து நிமிடத்தில் அம்மாவுக்குக் கிடைக்கும் நகரம் எனக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. எனக்குச் சுற்றிவர ஒன்பது கடை என்றால் அவருக்கு மூன்று.

சமிக்ஞை விளக்கிலும் இதே கதைதான். ஜேர்மனியில் பாதசாரிகள் சாலையைக் கடந்து முடிக்கும் நேரத்தை வழமையாகச் செக்கனுக்கு 1.2 மீற்றர் என்று கணக்கிடுகிறார்கள். 12 மீற்றர் அகலமான சாலைக்கு 10 செக்கன் போதும். அம்மாவுக்கு 15 வேண்டும். அந்த ஐந்து செக்கனுக்கு அவர் கார்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். அப்படியான ஒரு சாலை வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருந்தால், கடை எவ்வளவு கிட்ட இருந்தாலும் அம்மா போகமாட்டார்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு மணித்தியாலம் அந்தப் பகுதியில் நடந்தோம்.

நான்கு பகுதிகள்

முதலில் பழைய நகரம். அழகுக்குக் குறையில்லை. தெருவோரம் பெக்லே எனப்படும் சின்ன வாய்க்கால்களில் மலைத்தண்ணீர் ஓடுகிறது. தவறி அதற்குள் கால் வைத்தவர் ஃப்ரைபுர்க்காரரைத்தான் கலியாணம் கட்டுவார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைச் சொன்னதும் அம்மா என்னை ஒருமுறையும் வாய்க்காலை ஒருமுறையும் பார்த்தார். மூன்ஸ்டரைச் சுற்றி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் காலையில் சந்தை. ஆனால் கல் பதித்த தெரு முழங்காலுக்கு ஆகாது. இரவில் சத்தம். ஆகுஸ்டீனர் பிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் இளைஞர்கள் படிகளில் இருந்து இரவிரவாகக் கதைப்பார்கள். அயலவர் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக நகரசபை அங்கே ஒரு விளக்குத் தூண் வைத்திருக்கிறது, நேரம் போகப் போக அது பச்சையில் இருந்து சிவப்பாக மாறும். பத்து வருடம் முன்பென்றால் நானும் அந்தப் படிகளில் இருந்திருப்பேன். குடியிருக்க அது சரிவராது.

அடுத்தது வீரே. பெரிய மரங்கள், நூறு வருட வீடுகள். பழைய ரயில் நிலையம் ஒன்றில் நல்ல படங்கள் போடும் திரையரங்கு இருக்கிறது. பெண்களுக்கு மட்டும் தனியான திறந்தவெளி நீச்சல் தடாகமும் அங்கேதான். தெருவில் நடக்க எவ்வளவோ சுகம். ஆனால் நாங்கள் பார்த்த வீடுகள் மூன்றாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் இருந்தன, லிஃப்ட் இல்லை. நடை வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. எழுபது படி இறங்கிய பிறகு வரும் அழகான தெரு அம்மாவுக்கு இல்லாத தெரு. வாடகையும் எட்டாது.

மூன்றாவது வோபான். நகரத் திட்டமிடல் படிப்பவர்கள் உலகம் முழுவதிலும் இருந்து வந்து பார்க்கும் இடம் இது. பிரெஞ்சு இராணுவம் 1992 இல் விட்டுப்போன முகாம் நிலத்தில் கட்டியது. பெரும்பாலான வீடுகளுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் கிடையாது. கார் வேண்டுமென்றால் விளிம்பில் உள்ள கட்டடத்தில் காசு கொடுத்து இடம் எடுக்க வேண்டும். 2006 இல் ட்ராம் வந்தது. பிள்ளைகள் நடுத்தெருவில் சோக்கால் கோடு போட்டு விளையாடுகிறார்கள், கார் வந்தாலும் நடை வேகத்தில்தான் வரவேண்டும். அம்மா அங்கே கனநேரம் நின்று பார்த்தார். "எங்கட ஒழுங்கை மாதிரி இருக்கு" என்றார். ஆனால் அங்கே வீடு காலியாவது குறைவு. நான் அனுப்பிய விண்ணப்பம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

கடைசியில் ஷ்ட்யூலிங்கர். பிரதான ரயில் நிலையத்தின் பின்பக்கம், தண்டவாளத்துக்கு மேற்கே. அழகான பகுதி எது என்று கேட்டால் யாரும் முதலில் இதைச் சொல்லமாட்டார்கள். இரட்டைக் கோபுரத் தேவாலயத்தின் முன்னால் உள்ள பூங்காவில் போதைப்பொருள் விற்பனை நடப்பது பற்றி உள்ளூர்ப் பத்திரிகைகள் அடிக்கடி எழுதுகின்றன. அதனால் அந்தப் பகுதியை மட்டும் நாங்கள் இரண்டு முறை நடந்து பார்த்தோம், பகலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை. பெண்கள் வீடு பார்க்கும்போது இரவு நடையை விடவே கூடாது. பூங்காவின் குறுக்கே போகும் பாதை எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சுற்றிப் போகும் தெருவில் வெளிச்சமும் திறந்த கடைகளும் ஆட்களும் இருந்தார்கள். அந்தத் தெருவால் போய்வரலாம் என்று முடிவெடுத்தோம்.

மற்றதெல்லாம் கணக்கில் சரியாக வந்தது. துருக்கிக் கடையில் பச்சைமிளகாயும் கொத்தமல்லியும், பக்கத்தில் மருந்துக் கடை, இரண்டு தெரு தள்ளிக் குடும்ப வைத்தியர், ஒரு பழைய மின்நிலையத்துக்குள் கலை நிலையம். எல்லாம் அம்மாவின் 720 மீற்றருக்குள். 2017 இல் திறந்த புதிய நகரசபைக் கட்டடமும் இதே பகுதியில்தான் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு மேலால் போகும் நீல நிறப் பாலத்தில் 1996 இல் இருந்து காருக்கு இடமில்லை. அதற்கு நிக்கராகுவாவில் உள்ள நட்பு ஊரான விவிலியின் பெயரை வைத்திருக்கிறார்கள். பாலத்தைக் கடந்தால் இசை மண்டபம், இன்னும் கொஞ்சம் நடந்தால் நாடகசாலையும் பல்கலைக்கழக நூலகமும். முதலாம் மாடியில், லிஃப்ட் உள்ள ஒரு வீடு கிடைத்தது. தேடத் தொடங்கி ஒன்பதாவது மாதம்.

நடக்க இடமிருக்கு, ஆனால்

இங்கே கதை சுபமாக முடிந்துவிட்டது என்று எழுதினால் அம்மா என்னைப் பேசுவார். வந்து மூன்றாவது மாதம் அவர் சொன்னது இது:

"நடக்க இடமிருக்கு பிள்ளை. கதைக்க ஆளில்லை."

உண்மைதான். வடக்கில் நாங்கள் இருந்த ஊர் எவ்வளவு மோசமான ஊராக இருந்தாலும் அதே கட்டடத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. மாமிமார் கதவைத் தட்டாமலே வருவார்கள். இங்கே எங்கள் தெருவில் தமிழ் பேசும் வேறு வீடு இல்லை. கோயிலுக்கும் தமிழ்க் கடைக்கும் சுவிஸ் எல்லை தாண்டி பாசல் பக்கம் ரயில் ஏற வேண்டும். பண்பாடு நிறைந்த நகரம் என்று எழுதும்போது யாருடைய பண்பாடு என்றும் கேட்கத்தான் வேண்டும். பரோக் இசைக்குழு ஒரு மாமிக்கு ஈடாகாது.

ஆனால் கால்கள் செய்த ஒன்றும் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அம்மா தனியாகப் பாலத்தைக் கடந்து மூன்ஸ்டர் சந்தைக்குப் போகத் தொடங்கினார். சைக்கிள்கள் பறக்கும் பாலம் அது, முதலில் பயந்தார், பிறகு ஓரத்து நடைபாதையைப் பழகிக்கொண்டார். சந்தை முடிந்ததும் தேவாலயத்துக்குள் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறார். நெற்றியில் திருநீற்றோடுதான். "மடு மாதாவும் இவவும் ஒண்டுதானே" என்று கேட்டால் நான் என்ன சொல்ல? வீட்டுக்குக் கிட்ட இருக்கும் வாங்கில் ஒரு குரோவாசிய அம்மாவோடு முழங்கால் நோவைப் பற்றிக் கதைக்கிறார். இரண்டு பேருடைய ஜேர்மனும் அரைகுறை. முப்பது வருடமாகக் காரின் பின் இருக்கையில் இருந்தபோது அந்த மொழியைப் பேச அவருக்கு ஆள் கிடைத்ததே இல்லை.

தேர்த் திருவிழாவுக்கு வடக்கே ரயிலில் போகிறார். பயணச்சீட்டை நான் எடுத்துக் கொடுக்கிறேன். நிலையத்துக்கு அவரே நடக்கிறார். மாமிமாரைப் பார்க்காத குறை அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது அதைத் தீர்க்க அவர் என்னுடைய நேரத்துக்குக் காத்திருப்பதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

நடக்கக்கூடிய இடங்கள் விலை கூடிய இடங்களாகிவிட்டன. ஃப்ரைபுர்க் வருமானத்தோடு பார்த்தால் ஜேர்மனியிலேயே வாடகை கூடிய நகரங்களில் ஒன்று. என்னுடைய சம்பளத்தால் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அம்மாவைப் போலத் துப்புரவு வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவருக்கு இன்றும் கிடைப்பது பேருந்து வராத விளிம்புதான். இப்படியான இடங்கள் குறைவாக இருப்பதால்தான் அவற்றுக்கு இந்த விலை. ஆகவே கூடக் கட்ட வேண்டும். அதையும் யாரோ தீர்மானிக்கிறார்கள். இந்த நகரத்தில் டீட்டன்பாக் என்ற புதிய குடியிருப்பை, ட்ராம் பாதையோடும் பாடசாலைகளோடும், வயல் நிலத்தில் கட்டலாமா என்று 2019 இல் வாக்கெடுப்பு நடந்தது. நிலத்தை இழக்கும் விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்களின் நியாயமும் சின்னதில்லை. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் கட்டலாம் என்றார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளும் அதில் வாக்களித்தார்கள், இந்த மாநிலத்தில் உள்ளூராட்சி வாக்குரிமை 16 வயதில் கிடைக்கும்.

உங்கள் ஊரில் பேருந்து நேர அட்டவணை, நடைபாதையில் வாங்கு, சமிக்ஞை விளக்கின் செக்கன், கடை எங்கே வரலாம் என்பதெல்லாம் நகரசபைக் கூட்டங்களில் முடிவாகின்றன. அந்தக் கூட்டங்களில் எங்கள் அம்மாமார் பேசமாட்டார்கள். நேரமும் இல்லை, மொழிப் பயமும் உண்டு. உங்களுக்கு மொழி இருக்கிறது. குடியுரிமையும் வாக்கும் இருந்தால் அவற்றையும் பயன்படுத்துங்கள்.

அடுத்த முறை நீங்கள் வீடு பார்க்கப் போகும்போது கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களைவிட மெதுவாக நடப்பவராக இருக்கட்டும். அவரை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். எங்கே தயங்குகிறார், எங்கே இருக்க இடம் தேடுகிறார், எந்தக் கடையைக் கண்டதும் தானாக உள்ளே போகிறார் என்று கவனியுங்கள். வாடகையைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்.